கொழுப்பு ‘நார்மல்’ என்று வந்த பிறகும் அம்மாவுக்கு ஸ்டேட்டின் எதற்கு?

ஆயர் ஈத்தாமில் வசிக்கும் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய தாயாருக்கு வயது 74. பதினைந்து ஆண்டுகளாக இனிப்பு நீர், அதற்கும் முன்பிருந்தே இரத்தக் கொதிப்பு. இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு காலையில் தேத்தண்ணீர்க் கோப்பை வலக்கையிலிருந்து நழுவி விழுந்தது. வாய் கோணி, பேச்சும் குழறியது. மூளைக்குச் செல்லும் இரத்தம் அடைபட்டதால் வந்த பக்கவாதம் என்று ஸ்கேனில் தெரிந்தது. இடப்பக்கக் கழுத்துத் தமனியில் கொழுப்புப் படிவு இருந்தது. இதயத் துடிப்பில் கோளாறு எதுவும் இல்லை. எட்டாம் நாள் எடுத்த இரத்தத்தில் மொத்தக் கொலஸ்ட்ரால் 4.3, ‘கெட்ட கொழுப்பு’ எனப்படும் எல்டிஎல் 2.1 என்று வந்தது. இரண்டுக்கும் எதிரே எந்த எச்சரிக்கைக் குறியும் இல்லை. இருந்தும் வீட்டுக்கு அனுப்பும்போது, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் வகை மாத்திரையான அட்டோர்வாஸ்டேட்டின் 40 மில்லிகிராம் கொடுத்தார்கள்.

அவர் கேட்பவை மூன்று. கொழுப்பு சரியாக இருப்பவருக்குக் கொழுப்பு மாத்திரை ஏன்? வயதானவர்கள் இதைச் சாப்பிட்டால் மூளையில் இரத்தம் கசியும் என்று பக்கத்து வீட்டார் சொல்வது உண்மையா? எந்த நோயும் வராத 79 வயது அப்பாவுக்கு எல்டிஎல் 3.9 இருக்கிறதே, அவரும் தொடங்க வேண்டுமா?

பினாங்கில் அரசாங்கக் கிளினிக்குகளின் மருந்து முகப்பில் முப்பது ஆண்டுகள் நின்றவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். அம்மாவைப் பார்க்கும் மருத்துவரின் இடத்தில் நான் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள். அம்மாவுக்கு அந்த மாத்திரை வேண்டும். அப்பாவுக்கு அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல மாட்டேன். ஒரே வீட்டில் இருவருக்கு இரண்டு விதமான பதில் எப்படி வருகிறது என்பதைத்தான் விளக்க வேண்டியிருக்கிறது.

அறிக்கையின் வலது ஓரத்தில் அச்சிட்டிருக்கும் வரம்பு, இதுவரை இரத்தக்குழாய் நோய் வராத பொதுமக்களை மனத்தில் வைத்துப் போட்டது. ஆய்வகத்துக்கு உங்கள் அம்மாவின் கழுத்துத் தமனியைப் பற்றி ஒன்றும் தெரியாது. கொழுப்புப் படிவினால் ஒருமுறை பக்கவாதம் வந்தவருக்கு எல்டிஎல் 1.8 மில்லிமோலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட இலக்கு, 1.4க்குக் கீழே கொண்டுவரச் சொல்லும் வழிகாட்டுதல்களும் உண்டு. இந்தியாவில் இருக்கும் உறவினர்கள் ‘70க்குக் கீழே’ என்று சொல்வதும் இதே 1.8தான்; அங்கே மில்லிகிராமில் எழுதுகிறார்கள், 38.7ஆல் பெருக்கினால் அவர்கள் கணக்கு வந்துவிடும். ஆகவே, குறி எதுவும் இல்லாத 2.1, அம்மாவைப் பொறுத்தவரை இலக்கைத் தாண்டிய எண்தான்.

அறிக்கையை இன்னொரு முறை கையில் எடுத்துப் பாருங்கள். நீங்கள் இரண்டு வரிகளைத்தான் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அனுப்பிய படத்தில் ‘நல்ல கொழுப்பு’ எனப்படும் எச்டிஎல் 0.9 என்றும், இரத்தத்திலுள்ள இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு 2.9 என்றும் இருக்கிறது. ஒன்று குறைவு, மற்றது கூடுதல், இரண்டுக்கும் எதிரே குறி இருக்கிறது. பல ஆய்வகங்களில் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை. 1972இல் வெளியான ஃப்ரீடுவால்ட் சூத்திரத்தின்படி, மொத்தத்திலிருந்து எச்டிஎல்லைக் கழித்து, டிரைகிளிசரைடை 2.2ஆல் வகுத்து அதையும் கழித்துப் போடுகிறார்கள். 2.9ஐ 2.2ஆல் வகுத்தால் 1.3. 4.3இலிருந்து 0.9உம் 1.3உம் போனால் 2.1. உங்கள் அறிக்கையில் உள்ள எண் அப்படி வந்ததுதான். டிரைகிளிசரைடு ஏற ஏற இந்தக் கணக்கு எல்டிஎல்லைக் குறைத்துக் காட்டும் பக்கம் சாயும், 4.5ஐத் தாண்டினால் கணக்கே செல்லாது. இனிப்பு நீர் உள்ளவர்களிடம், அதிலும் நம் இந்திய வம்சாவளியினரிடம், டிரைகிளிசரைடு கூடி, எச்டிஎல் இறங்கி, எல்டிஎல் துகள்கள் அளவில் சிறுத்து எண்ணிக்கையில் பெருகும் இந்த அமைப்பை அடிக்கடி காணலாம். எல்டிஎல் எண் பார்க்கச் சாதுவாக இருக்கும்.

அதனால்தான் இவர்களிடம் நான் முதலில் போடும் கழித்தல் வேறு: மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்டிஎல்லை மட்டும் கழிப்பது. 4.3இலிருந்து 0.9 போனால் 3.4. தமனிச் சுவரில் படியக்கூடிய எல்லாத் துகள்களின் கொழுப்பும் இந்த எண்ணில் அடங்கிவிடும். எல்டிஎல் இலக்கோடு 0.8ஐக் கூட்டினால் இதற்கான இலக்கு கிடைக்கும். அம்மாவுக்கு அது 2.6. அவர் 3.4இல் நிற்கிறார்.

இரத்தம் எடுத்த நாளும் கணக்கில் வர வேண்டும். கடுமையான நோய் தாக்கினால், முதல் ஓரிரு நாள் கழிந்ததும் எல்டிஎல் இறங்கத் தொடங்கி, பழைய நிலைக்குத் திரும்பச் சில வாரங்கள் எடுத்துக்கொள்ளும். எட்டு நாள் படுக்கையில் கிடந்து, கஞ்சியும் சரியாக இறங்காத நிலையில் எடுத்த 2.1, பக்கவாதத்துக்கு முன் 2.6 ஆகவோ அதற்கும் மேலாகவோ இருந்திருக்கலாம். பழைய கிளினிக் புத்தகம் வீட்டில் இருந்தால் சென்ற ஆண்டின் எண்ணைத் தேடிப் பாருங்கள்.

இனி, கொழுப்புக்கும் பக்கவாதத்துக்கும் உள்ள தொடர்பு. இது மாரடைப்பில் உள்ளதுபோல் நேர்க்கோட்டில் அமைந்ததில்லை. வதந்திகளுக்கு இடம் கிடைத்ததும் அதனால்தான். 2007இல் 61 ஆய்வுகளையும் ஏறத்தாழ ஒன்பது இலட்சம் பேரையும் சேர்த்து வெளியான ஒரு பெரிய தொகுப்பில், கொலஸ்ட்ரால் கூடக் கூட இதய நோயால் இறப்பவர்கள் கூடினார்கள். பக்கவாத இறப்பிலோ, முக்கியமாக முதிய வயதில், அப்படியொரு தெளிவான தொடர்பு தென்படவில்லை. ‘கிழவர்களுக்குக் கொழுப்பு கெடுதல் செய்யாது’ என்று பகிரப்படும் செய்திகளின் வேர் இப்படிப்பட்ட முடிவுகளில்தான் இருக்கிறது.

பக்கவாதம் என்ற ஒரு சொல்லுக்குள் பல நோய்களைப் போட்டுக் கட்டிவைத்திருக்கிறோம் என்பது இதற்குப் பெரிய காரணம். ஏறத்தாழ பத்தில் எட்டு அடைப்பினால் வருவது. மற்றவை குழாய் வெடித்துக் கசிவதால் வருபவை. கொழுப்பு மிகக் குறைவாக இருப்பவர்களிடம் கசிவு சற்றுக் கூடுதலாகக் காணப்படுவதால், இரண்டையும் கூட்டிப் பார்க்கும்போது ஒன்று மற்றொன்றை அழித்துவிடுகிறது. அடைப்புக்குள்ளேயும் பிரிவுகள் உண்டு. பெரிய தமனியில் கொழுப்புப் படிந்து, அது வெடித்து, அதன்மேல் உறைந்த இரத்தக்கட்டி மூளைக்குப் போய் அடைப்பது ஒரு வகை. இரத்தக் கொதிப்பும் இனிப்பு நீரும் மூளையின் ஆழத்தில் உள்ள நூல்போன்ற குழாய்களைத் தடிக்கவைத்து மூடுவது இன்னொரு வகை. இதயத்தின் மேலறை ஒழுங்கின்றித் துடிப்பதால் அங்கே கட்டி உருவாகி மேலே போவது மூன்றாவது. அமெரிக்காவில் ஓர் ஊர் மக்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஃபிரேமிங்ஹாம் ஆய்வில் 80 வயதைத் தாண்டியவர்களின் பக்கவாதங்களில் கிட்டத்தட்ட நான்கில் ஒன்று இந்த மூன்றாவது வகைக்குக் காரணமான துடிப்புக் கோளாற்றோடு சேர்ந்தது. அங்கே உயிர் காப்பது இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து. கொழுப்பின் கை ஓங்கியிருப்பது முதல் வகையில்தான், உங்கள் அம்மாவுக்கு வந்திருப்பதும் அதுவே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதுமையில் கொலஸ்ட்ரால் தானாகக் குறைவது பல நேரங்களில் நல்ல அறிகுறி ஆகாது. உடல் மெலிவதும், பசி போவதும், மறைந்திருக்கும் நோயும் அந்த எண்ணைக் கீழே இழுக்கும். ‘கொழுப்பு குறைந்த கிழவர் சீக்கிரம் போய்விட்டார்’ என்றால், எது முன்னால் வந்தது என்று கேட்க வேண்டும்.

அம்மாவைப் போன்றவர்களிடம் மருந்தைக் கொடுத்தே பார்த்த ஆய்வுகள் இருக்கின்றன. 2006இல் வெளியான ஸ்பார்க்கல் ஆய்வில், அண்மையில் பக்கவாதமோ அதன் முன்னோட்டமான தற்காலிகத் தாக்குதலோ வந்த 4,731 பேரில் ஒரு பாதிக்கு அட்டோர்வாஸ்டேட்டின் 80 மில்லிகிராமும், மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்து ஏறத்தாழ ஐந்தாண்டுகள் தொடர்ந்தார்கள். மீண்டும் பக்கவாதம் வந்தவர்கள் வெற்று மாத்திரைப் பக்கம் 13.1 விழுக்காடு, மருந்துப் பக்கம் 11.2 விழுக்காடு. நூறு பேரில் இரண்டு பேர். வானளாவப் புகழும் அளவுக்குப் பெரிய வேறுபாடு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாரடைப்பும் சேர்ந்து குறைந்தது. பின்னர் பிரான்சிலும் தென்கொரியாவிலும் 2,860 பேரிடம், எல்டிஎல்லை 1.8க்குக் கீழே வைப்பதையும் 2.3 முதல் 2.8 வரை வைத்திருப்பதையும் ஒப்பிட்டார்கள். எல்லாருமே கொழுப்புப் படிவினால் தாக்குண்டவர்கள். கீழே வைத்தவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கும், மற்றவர்களில் 10.9 விழுக்காட்டினருக்கும் இதய, இரத்தக்குழாய் சார்ந்த பெரிய பாதிப்பு வந்தது. இவ்விரு ஆய்வுகளிலும் சராசரி வயது அறுபதுகளில் இருந்தது. 74 வயதுக்கு அதைப் பொருத்துவதில் கொஞ்சம் ஊகம் கலந்திருக்கிறது. ஆனாலும் கழுத்தில் படிவு கண்ணுக்குத் தெரிந்த பிறகு, அந்த ஊகம் நியாயமானதே.

பக்கத்து வீட்டாரின் பயம் வெறுங்கதை இல்லை. அதே ஸ்பார்க்கலில் மூளைக் கசிவு மருந்துப் பக்கம் 55 பேருக்கும், வெற்று மாத்திரைப் பக்கம் 33 பேருக்கும் வந்தது. ஆனால் அடைப்பினால் வந்தவை 274இலிருந்து 218ஆகக் குறைந்தன. மேலே சொன்ன 11.2 விழுக்காட்டுக்குள் கசிவுகளும் அடக்கம், அவற்றையும் சேர்த்து எண்ணிய பிறகுதான் மருந்து முன்னால் நிற்கிறது. கசிவு யாரிடம் கூடியது என்று பிரித்துப் பார்த்தபோது, முன்பே கசிவு வந்தவர்கள், ஆண்கள், வயதில் மூத்தவர்கள், இரத்த அழுத்தம் மிகவும் ஏறி இருந்தவர்கள் என்று தெரிந்தது. இந்த நான்கில் நம் கையில் இருப்பது கடைசி மட்டுமே. அம்மாவின் அழுத்தம் இன்னமும் 155, 160 என்று வருவதாக எழுதியிருக்கிறீர்கள். என் மனத்தை உறுத்துவது எல்டிஎல் 2.1ஐவிட அந்த 155தான். 130ஐ ஒட்டிக் கொண்டுவர மருத்துவரிடம் கேளுங்கள். அடைப்பு, கசிவு இரண்டுக்கும் அது தடை.

மருந்தைப் பற்றிச் சில நடைமுறைச் செய்திகள். ஸ்டேட்டின் கல்லீரலில் கொழுப்பு உருவாவதைத் தடுக்கிறது. கொழுப்புப் போதாத கல்லீரல் அணுக்கள் தம் மேற்பரப்பில் எல்டிஎல்லைப் பிடிக்கும் ஏற்பிகளைக் கூட்டி, இரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்கின்றன. ஒரு ஸ்டேட்டினின் அளவை இருமடங்காக்கினால் எல்டிஎல் மேலும் ஆறு விழுக்காடு அளவில்தான் இறங்கும். ஆகவே 40 மில்லிகிராமில் அம்மாவுக்குச் சிரமம் இருந்தால், அதைக் குறைத்து எசெட்டிமைப் என்ற வேறு மாத்திரையைச் சேர்க்கும் வழி இருக்கிறது. அது தனியாக இருபது விழுக்காடு வரை இறக்கும். இரத்தக் கொதிப்புக்கு அம்லோடிப்பின் சாப்பிடுவோர் நம்மிடையே ஏராளம். அவர்கள் சிம்வாஸ்டேட்டினுக்கு மாற்றப்பட்டால் அதன் அளவு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, ஏனெனில் அம்லோடிப்பின் இரத்தத்தில் சிம்வாஸ்டேட்டினின் அளவை ஏற்றிவிடும். சீன மருந்துக் கடையில் விற்கும் சிவப்பு நொதி அரிசியை ‘இயற்கையானது’ என்று கூடவே கொடுக்காதீர்கள். அதிலுள்ள மொனகோலின் கே என்பது லோவாஸ்டேட்டின் என்ற மருந்தேதான், அளவு தெரியாமல் இரண்டு ஸ்டேட்டினைச் சாப்பிட்டதாக முடியும்.

தசை வலி வந்தால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது, ஏனெனில் பெரும்பாலோர் வலியைச் சொல்வதில்லை, மாத்திரையைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடுகிறார்கள். ஒருமுறை ஒரு பாட்டி மருந்து வாங்க வந்தபோது, மீதம் இருப்பதைக் காட்டச் சொன்னேன். பையிலிருந்து ஒரு மைலோ டின்னை எடுத்து, மூடியைத் திறந்து, முகப்பின்மேல் கவிழ்த்தார். ஐந்து மாதத்து மாத்திரை அட்டைகள், ஒன்றின் படலம்கூடக் கிழியவில்லை. “கால் குடையுதுப்பா, டாக்டர் கோவிச்சுக்குவாருன்னு சொல்லல” என்றார். இரத்தம் எடுத்துப் பார்த்ததில் அவருக்குத் தைராய்டு மிகவும் குறைந்திருந்தது. தைராய்டு குறைந்தால் எல்டிஎல் ஏறும், தசையும் வலிக்கும், ஸ்டேட்டினின் தசைத் தொந்தரவும் கூடும். வயதான பெண்களிடம் தைராய்டு குறைவது அடிக்கடி காணப்படுவதுதான். தைராய்டுக்கு மருந்து தொடங்கிய சில மாதங்களில் அவரால் ஸ்டேட்டினையும் சாப்பிட முடிந்தது.

வலி எல்லாமே மருந்தின் வேலை என்றும் கொள்ள முடியாது. 2020இல் வெளியான சாம்சன் ஆய்வில், தொந்தரவு தாங்காமல் ஸ்டேட்டினை நிறுத்திய 60 பேருக்குச் சில மாதம் மருந்து, சில மாதம் வெற்று மாத்திரை, சில மாதம் ஒன்றுமே இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். மருந்தின்போது சொன்ன தொந்தரவில் 90 விழுக்காடு வெற்று மாத்திரையின்போதும் இருந்தது. வலி பொய் என்று இதற்குப் பொருள் இல்லை. மாத்திரை மேல் உள்ள அச்சமும் வலியாகவே உணரப்படும். இருந்தாலும், இரு தொடைகளும் கனத்து நாற்காலியிலிருந்து எழ முடியாமல் போனாலோ, சிறுநீர் வரக் காப்பி நிறத்தில் போனாலோ, அதை அச்சம் என்று ஒதுக்காமல் அன்றே கிளினிக்குக்குப் போக வேண்டும்.

உணவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, எனவே சுருக்கமாக. அம்மாவின் டிரைகிளிசரைடு 2.9க்கு முட்டையையும் இறாலையும் குற்றம் சொல்வதைவிட, நாளுக்கு நான்கு கோப்பைத் தேத்தண்ணீரில் கலக்கும் கெட்டிப்பாலைப் பாருங்கள். காலை ரொட்டி சானாயும், சந்தான் (தேங்காய்ப்பால்) கெட்டியாக ஊற்றிய குழம்பும் எல்டிஎல்லை ஏற்றும். சர்க்கரை கட்டுப்பட்டால் டிரைகிளிசரைடும் ஓரளவு தானே இறங்கும்.

அப்பாவுக்கு வருவோம். இரத்தக்குழாய் நோய் இல்லாத, 75 வயதைத் தாண்டிய ஒருவருக்குப் புதிதாக ஸ்டேட்டின் தொடங்குவதற்கான சான்று மெலிந்தது. 2002இல் வெளியான ப்ராஸ்பர் ஆய்வு 70 முதல் 82 வயது வரையிலான 5,804 பேரில் ஒரு பாதிக்கு ப்ராவாஸ்டேட்டினும், மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தது. இதயப் பாதிப்புகள் குறைந்தன; மூன்று ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட அந்தக் காலத்தில் பக்கவாதம் குறையவில்லை. 2019இல் 28 ஆய்வுகளைத் தொகுத்தபோது, அவற்றில் இருந்த 1,86,854 பேரில் 75 வயதைக் கடந்தவர்கள் வெறும் 8 விழுக்காடு; நோய் வந்த முதியவர்களிடம் பயன் தெளிவாக இருந்தது, வராதவர்களிடம் உறுதியாகவில்லை. இந்த இடைவெளியை நிரப்பத்தான் ஆஸ்திரேலியாவில் ஸ்டாரி, அமெரிக்காவில் ப்ரிவென்டபிள் என்று முதியோருக்காகவே தனி ஆய்வுகளைத் தொடங்கினார்கள்.

ஆகவே 3.9 என்ற ஓர் எண்ணை மட்டும் பார்த்து அவருக்கு மாத்திரை எழுத வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். இனிப்பு நீர், புகைப்பழக்கம், சிறுநீரகக் குறைபாடு ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் தராசு மாத்திரைப் பக்கம் சாயும். அப்போதும் நடுத்தர அளவே போதும். ஒன்றும் இல்லாமல், தாமான் பூங்காவில் தினமும் நடந்துவருபவராக இருந்தால், அவர் விருப்பத்தையே கேட்கலாம். ஆனால் முன்பே ஸ்டேட்டின் சாப்பிட்டுவரும் அந்த வயதுக்காரர்கள் இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்திவிட வேண்டாம். பிரான்சில் 75 வயதான ஏறத்தாழ 1,20,000 பேரைப் பின்தொடர்ந்தபோது, நிறுத்தியவர்கள் இதயம், இரத்தக்குழாய் நோயால் மருத்துவமனையில் சேர்வது 33 விழுக்காடு கூடுதலாக இருந்தது. அவதானிப்பு ஆய்வுதான், நிறுத்தியதே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, எனினும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளும் எண்ணும் இல்லை.

அப்பாவுக்கு நீங்கள் இன்றே செய்யக்கூடியது வேறொன்று. அவரை உட்காரவைத்து, மணிக்கட்டில் பெருவிரலுக்கு நேர்கீழே மூன்று விரல்களை வைத்து ஒரு முழு நிமிடம் நாடியை எண்ணுங்கள். துடிப்பு தாளம் தவறி, விட்டுவிட்டு, முன்பின்னாக வந்தால் கிளினிக்கில் ஒரு இசிஜி எடுக்கச் சொல்லுங்கள். 79 வயதில் அவருடைய மூளைக்கு அந்த ஒரு நிமிடம் சொல்லும் செய்தி, எல்டிஎல் 3.9 சொல்வதைவிடப் பெரியதாக இருக்கக்கூடும்.

அம்மாவுக்கு, மாத்திரை தொடங்கி எட்டிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் மறுபடியும் இரத்தம் எடுக்க வேண்டும். அப்போது கொழுப்போடு கல்லீரல் பரிசோதனையும், இதுவரை பார்க்காவிட்டால் தைராய்டும் சேர்த்துக் கேளுங்கள். போகும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், வெற்று அட்டைகள் உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.